நான்காவது கிளாஸில் இரும்பு

பிறந்தபோது அவள் அழவில்லை, மருத்துவச்சியின் விரலைப் பிடித்துக் கடித்தாள் என்று அவளுடைய அம்மா சொல்வாள். பல்லில்லாத குழந்தை எப்படிக் கடிக்கும் என்று யாராவது கேட்டால், மருத்துவச்சி விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு போனதைத் தான் கண்ணால் பார்த்ததாக அப்பா சாட்சி சொல்வார். அந்த இரண்டு பேரும் வாழ்நாளில் ஒத்துப்போன ஒரே விஷயம் அது என்பதால் நாமும் நம்பிவிடுவதுதான் மரியாதை.

அப்பா பீப்பாய் செய்பவர். ஓக் பலகைகளை ஆவியில் வளைத்து, இரும்பு வளையம் இறுக்கி, உட்புறத்தைத் தீயில் கருக்கிச் சாராய ஆலைகளுக்கு அனுப்புவார். பட்டறைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. அந்த வீட்டில் பேச்சு முற்றினால் கை பேசும், கை ஓய்ந்தால் சாமான் பேசும். மூன்று கதவுகளில் ஒன்றுக்குக்கூட முழுப் பலகை கிடையாது. பால் சட்டியின் அடிப்பாகத்தில் அப்பாவின் நெற்றி பதிந்த பள்ளம் ஒன்று இருந்தது. அம்மா அதில் அளந்துதான் மாவு எடுப்பாள்.

அந்தப் பெண்ணுக்கு மூக்கு கூர்மையானது அங்கேதான். அப்பா வாசலுக்கு வருவதற்கு முன்பே காற்றில் அவர் குடித்தது என்ன, எவ்வளவு என்று கண்டுபிடித்து, அண்ணனிடம் ஓர் எண் சொல்வாள். ஐந்துக்குக் கீழே என்றால் வீட்டுப்பாடம் எழுதலாம். ஏழு என்றால் கட்டிலுக்கு அடியில். எட்டு என்றால் ஜன்னல் வழியாகக் குதிக்க வேண்டியதுதான். ஒருநாள் "ஏழரை" என்றாள்.

"அரை எதுக்குடி?" என்றான் அண்ணன்.

"கட்டிலுக்கு அடியில போ. ஆனா செருப்பு போட்டுட்டுப் போ."

அன்று அவன் செருப்புப் போடாமல் போனான். கட்டில் உடைந்து வெளியே ஓடியபோது கண்ணாடிச் சில்லில் கால் கிழிந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு வைத்த பெயர் அரைமார்க்கு. தெருவும் பள்ளிக்கூடமும் கடைசியில் வேலை பார்த்த இடமும் அதே பெயரில்தான் கூப்பிட்டன.

அண்ணனுக்குப் பெயர் சம்மட்டி. பதினாறு வயதில் பலகை வண்டிக்காரன் ஒருவனை ஒரே குத்தில் வண்டிக்கு மறுபக்கம் அனுப்பியவன். வண்டி காலியாக இருந்தது என்பார்கள் சிலர். நிறைந்திருந்தது என்பார்கள் பார்த்தவர்கள். தங்கையும் சளைத்தவள் இல்லை. அவன் மேல்வரிசையில் இரண்டு பல் குறைவாக இருப்பதற்கு அவளும் ஒரு மரச்சுத்தியும்தான் பொறுப்பு. அவளைக் கட்டியவன் மூன்று மாதத்தில் ஊரைவிட்டுப் போனான். ரயில் ஏறும்போது அவன் மூக்கு திரும்பியிருந்த திசையைப் பார்த்தவர்கள் காரணம் கேட்கவில்லை.

அப்பா செத்தது மலைச்சரிவில். கீழே உருண்ட பீப்பாயைக் கெட்ட வார்த்தையால் நிறுத்தப் பார்த்தாராம், அது நிற்கவில்லை. மகன் பட்டறையை விற்று, சாராயம் காய்ச்சும் கொப்பரை வாங்கினான். மகள் சரக்குக் கிடங்கின் ருசி பார்க்கும் அறையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜன்னல் கிடையாது. நிறத்தைப் பார்த்து நாக்கு ஏமாறக்கூடாது என்பதற்காகச் சிவப்பு விளக்கு மட்டும். அதன் கீழே எந்த விஸ்கியும் ஒரே கருஞ்சிவப்பு. மூன்று நாற்காலி, மூன்று துப்புக்கிண்ணம், கிண்ணத்தில் மரத்தூள். விழுங்கக் கூடாது. மோந்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி மோந்து, ஒரு மிடறு வாயில் மென்று, துப்பிவிட்டு, நூற்றுக்கு எத்தனை என்று சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். எண்பதுக்கு மேல் வாங்கினால் காய்ச்சியவரின் பெயரில் பாட்டில் ஏறும். குறைந்தால் பெயரில்லாத கலவைத் தொட்டிக்குப் போகும்.

அவளோடு உட்கார்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மருந்துக்கடைக்காரர், கசப்பில் நாற்பது வகை தெரிந்தவர். இன்னொருவர் பூக்கடைக்காரம்மா. மூன்று பேரும் மார்க்குக்காக அடித்துக்கொண்டது உண்டு. ஒருமுறை 'தேன்' என்று பூக்கடைக்காரம்மா எழுத, 'இருமல் மருந்து' என்று அவர் எழுத, அந்த அம்மா அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கி மேஜையில் பத்திரமாக வைத்துவிட்டு அறைந்தாள். பண்பான இடம்.

ஆனால் அரைமார்க்குக்கு மட்டும் அங்கே தனி அதிகாரம் இருந்தது. விஸ்கிக்குள் இரும்பு விழுந்தால் சரக்கே கெட்டுப்போகும். ஓக் மரத்தின் துவர்ப்போடு சேர்ந்து மையாகக் கறுக்கும். அது கறுப்பதற்கு முன்பே அவள் கண்டுபிடிப்பாள். பலகைக்குள் புதைந்த அரிசியளவு ஆணித்துண்டுகளை இரண்டு முறை காட்டிக் கொடுத்திருக்கிறாள். அதனால் ஒரு விதி வந்தது. அவள் சீட்டில் 'இரும்பு' என்று எழுதினால் மற்ற இருவர் மார்க்கு செல்லாது. அந்தப் பீப்பாய்களை உடைத்து ஆணியைத் தேட வேண்டும், சரக்கு முழுவதும் கழிவுக்குப் போக வேண்டும். சொன்னது தப்பு என்று ஆனால் சொன்னவர் அந்த நாற்காலியில் அதன்பிறகு உட்காரக் கூடாது.

சம்மட்டி ஏழு வருஷம் காத்திருந்து செய்தது கோதுமை போர்பன். போர்பன் என்றால் மக்காச்சோள விஸ்கி. மற்றவர்கள் மக்காச்சோளத்தோடு ரை என்ற காரமான தானியத்தைச் சேர்ப்பார்கள். அது நாக்கில் மிளகைப் போல ஏறும். இவன் ரையை எடுத்துவிட்டுக் கோதுமை போட்டான். கோதுமை போட்டால் விஸ்கி சாதுவாக இருக்கும், இனிக்கும், சத்தம் போடாது. ஊரையே அறைந்தவன் ஏன் இப்படி ஒரு பூனைக்குட்டியைக் காய்ச்சினான் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. புதுப் பீப்பாய் பதினொன்று. ஒவ்வொன்றையும் தானே கருக்கி, தானே நிரப்பி, வாரம் ஒருமுறை போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வருவான்.

மார்க்குப் போடும் நாளன்று காலையில் தங்கை வீட்டுக்கு வந்தான். அவள் உப்பில்லாத ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றுகொண்டிருந்தாள். ருசி பார்க்கும் நாளில் அவளுக்கு அதுதான்.

"என்ன அண்ணே, காலங்காத்தால."

"இன்னிக்கு என் சரக்கு உங்க ரூமுக்கு வருது."

"ஏழு கிளாஸ் வருது. கிளாஸ்ல நம்பர்தான் இருக்கும்."

"கோதுமை போட்டது ஒண்ணே ஒண்ணு. உனக்கா தெரியாது."

"தெரிஞ்சா?"

"கூடப் பொறந்தவன்னு ஒரு நெனப்பு வேணும்."

"நெனப்பு இல்லாமயா. என் சடைய வளையத்துல மாட்டி உருட்டிவிட்டது வரைக்கும் நெனப்பு இருக்கு."

"பதினோரு பீப்பாய்டி. ஏழு வருஷம். கலவைத் தொட்டியில ஊத்திட்டாங்கன்னா நான் எதுக்கு உயிரோட இருக்கணும்."

"நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு எழுதுவேன்."

"நல்லா இல்லன்னா?"

"பாரு, அப்பா மாதிரியே பேசற. அவருக்கும் பதில் வர்றதுக்கு முன்னாடியே கோபம் வந்துரும்."

அப்பா பேச்சை எடுத்திருக்க வேண்டாம். அவன் அறைந்தான். திறந்த கைதான், ஆனால் சம்மட்டியின் கை. கன்னம் கடைவாய்ப் பல்லில் அறைபட்டு உள்ளே கிழிந்தது. அவள் எழுந்திருக்காமலே கெண்டியை எடுத்து அவன் காதுக்கு மேலே வைத்துச் சாத்தினாள். வெந்நீர் சட்டைக்குள் இறங்கியது. அவன் நாற்காலியைத் தூக்கினான், அவள் முள்கரண்டியை. மேஜை கவிழ்ந்தது. அவளே அதை நிமிர்த்தி வைத்தாள்.

"முட்டை வேணுமா, இன்னும் ஒண்ணு இருக்கு," என்றாள்.

"வேணாம்," என்று காதைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

அவர்கள் குடும்பத்தில் இதைச் சண்டை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவளும் சொல்லவில்லை. ருசி அறையின் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும்: சளி, பல்வலி, வாயில் காயம் இருந்தால் உள்ளே வரக் கூடாது. அவள் உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள், ரத்தம் நின்றது, நாக்கால் தடவிப் பார்த்தாள். இதெல்லாம் ஒரு காயமா என்று உள்ளே போய் உட்கார்ந்தாள். மருந்துக்கடைக்காரர் வீட்டில் வளர்ந்திருந்தால் போயிருக்க மாட்டாள்.

முதல் இரண்டு கிளாஸும் ரை போட்டவை. காரம் வாயை நிறைத்தது. மூன்றாவது, தண்ணீரே கலக்காத மூர்க்கமான சரக்கு. கன்னத்தில் பட்டதும் சுரீரென்றது. அங்கே ஆறத் தொடங்கியிருந்த பொருக்கை அதுதான் பெயர்த்துக்கொண்டு போனது. துப்பினாள். மரத்தூளில் விழுந்ததைச் சிவப்பு விளக்கு காட்டவில்லை.

நான்காவது கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் தெரிந்துவிட்டது. சர்க்கரைப் பாகு, சூடான ரொட்டியின் மேல்தோல், பாதாம். சத்தம் போடாத விஸ்கி. அண்ணனுடையது. அவளுடைய நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. நன்றாக இருக்கிறதே என்று. பிறகு மென்றாள்.

இரும்பு.

மறுபடி மென்றாள். இனிப்பு வந்தது, அதற்குப் பின்னாலேயே துருப்பிடித்த ஆணியை நக்கியது போல ஒரு கசிவு. மிளகுக் காரம் இருந்திருந்தால் மறைந்திருக்கும். கோதுமை எதையும் மறைக்காது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. மற்ற இருவரும் சப்புக்கொட்டுகிற சத்தம் கேட்டது. அண்ணன் என்பதற்காக எழுதாமல் விடுகிறேனா, அறைந்தான் என்பதற்காக எழுதுகிறேனா என்று இரண்டு பக்கமும் தன்னைப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். நாக்கு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னது. எழுபத்தொன்றரை என்று எழுதி, பக்கத்தில் 'இரும்பு' என்று எழுதிக் கவிழ்த்தாள்.

ரை குறைவாகப் போட்ட ஐந்தாவது கிளாஸிலும் லேசாக இரும்பு அடித்தது. இங்கேதான் அவளுடைய இருபது வருஷப் பழக்கம் அவளைக் கவிழ்த்தது. புதிதாக வந்தவளாக இருந்தால் 'என் வாயில்தான் ஏதோ' என்று பயந்திருப்பாள். தேர்ந்தவளுக்கு அந்தப் பயம் கிடையாது. முந்தின கிளாஸின் மிச்சம் என்று தண்ணீர் குடித்துக் கழித்துவிட்டாள். ஆறிலும் ஏழிலும் ரை தூக்கல். காரத்தில் எல்லாம் அடங்கிப்போனது.

சீட்டுகளைத் திருப்பினார்கள். பூக்கடைக்காரம்மா தொண்ணூறு, மருந்துக்கடைக்காரர் எண்பத்தெட்டு.

"இரும்பா?" என்றார் அவர். "எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா. வெளிய வெளிச்சத்துல வெச்சுப் பாத்தேன், கறுக்கவும் இல்ல."

"சின்ன ஆணின்னா நாளாகும் சார்."

"உங்க அண்ணன் சரக்கும்மா அது," என்றாள் பூக்கடைக்காரம்மா மெதுவாக.

"தெரியும்க்கா. அதான் ரெண்டு வாட்டி மென்னேன்."

மேனேஜர் சீட்டை வாங்கிப் படித்துவிட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். சம்மட்டியிடம் போய்ச் சொல்ல வேண்டியவர் அவர்தானே.

அவர் எப்படிச் சொன்னார் என்று தெரியாது. சொல்லி முடிப்பதற்குள் கிடங்கின் தகரக் கதவில் அவருடைய உருவம் பதிந்ததாகக் கேள்வி. பீப்பாயை உடைக்க வேலையாட்கள் வந்தபோது சம்மட்டி அவர்கள் கையிலிருந்த கோடாலியைப் பிடுங்கினான். சரக்கை வடித்துவிட்டு உடைப்பதுதான் முறை. அவன் வடிக்கவில்லை. "ஆணிதானே வேணும்," என்று முதல் பீப்பாயின் வயிற்றில் ஓங்கிப் போட்டான். ஏழு வருஷம் ஒரே பீச்சாகப் பாய்ந்து அவன் முகத்தில் அடித்தது. துடைக்காமல் மறுபடி ஓங்கினான். பலகைகள் விலா எலும்பு மாதிரி விரிந்தன. ஒவ்வொரு பலகையையும் முழங்காலில் வைத்து முறித்து, உள்ளே பார்த்து, எறிந்தான். தடுக்க வந்த ஒருவனின் தோளில் கோடாலியின் பிடி விழுந்தது. அவன் அலறியது தெருவில் கேட்டது. அதற்குப் பிறகு யாரும் பக்கத்தில் போகவில்லை.

அரைமார்க்கு அப்போது சாப்பாட்டு அறையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். வெறும் ரொட்டி. மூன்றாவது கடியில் மெல்லுவதை நிறுத்தினாள். ரொட்டியில் இரும்பு. கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். ஜன்னலோர வெளிச்சத்தில், கடித்த இடம் சிவப்பாக இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டாவது பீப்பாய் உடைந்தது.

ஓடினாள். அவள் கிடங்கு வாசலை எட்டியபோது மூன்றாவதும் தரையில் விரிந்து கிடந்தது. கணுக்கால் அளவு விஸ்கி. அந்த வாசனையில் அவளுக்குத் தலை சுற்றியது. மேனேஜர் மூலையில் நின்று, விளக்கை அணைங்கடா, தீப்பொறி படக்கூடாதுடா என்று கத்திக்கொண்டிருந்தார். அப்போதுதான் மருந்துக்கடைக்காரர் உடைந்த பலகைகளுக்கு நடுவே குனிந்து, எதையோ எடுத்து உயர்த்தினார்.

"கெடைச்சிருச்சு. ஆணி."

சம்மட்டியின் கோடாலி இறங்கியது. அவன் அதைப் பார்த்தான். பெரிய உடம்பு அப்படியே ஒரு சுற்றுச் சிறுத்துப்போனது. "என் பீப்பாய்லயா," என்றான். "நானே ஒவ்வொரு பலகையா தடவிப் பாத்தனே."

மேனேஜர் மூச்சுவிட்டார். "அப்ப அந்தம்மா சொன்னது சரி. மிச்சம் எட்டையும் கழிவுக்கு அனுப்பிருங்க."

அவள் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். நாற்காலியும் மரியாதையும் அப்படியே இருந்திருக்கும். அந்த ஆணி அவளை மூன்றாவது முறையாகப் பெரிய ஆளாக்கியிருக்கும். பீப்பாய்க்காரன் மகளுக்கு அது என்ன ஆணி என்று எட்டடி தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. அங்கே மற்றவர் யாருக்கும் தெரியவில்லை; தெரிந்திருக்க வேண்டிய ஒருவன் கோபத்திலும் சாராயத்திலும் கண் எரிந்து நின்றான்.

"அது வளையத்து ஆணி," என்றாள். "வெளிப்பக்கம் இருக்கறது. கோடாலி பட்டுத் தெறிச்சிருக்கு. உள்ள இரும்பு இல்ல."

"பின்ன நீங்க ருசி பாத்தது என்னம்மா?" என்றார் மேனேஜர்.

"என் ரத்தம்."

உதட்டை ஒரு பக்கமாக இழுத்துக் காட்டினாள். மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இந்த வாயோடயா வந்து உக்காந்தீங்க?"

"எப்ப கிழிஞ்சது?" என்றான் சம்மட்டி.

"காலையில. எங்க வீட்ல. உனக்கு ஞாபகம் இல்லன்னா காதத் தொட்டுப் பாரு."

அவன் காதைத் தொட்டுப் பார்த்தான். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு தரையில் ஓடிய மூன்று பீப்பாயையும் பார்த்தான். கோடாலியை வீசினான். அது அவளுடைய தலைக்கு ஒரு சாண் தள்ளித் தூணில் இறங்கி நின்று நடுங்கியது. கோடாலி போன வழியே அவனும் வந்தான். அவள் விலகவில்லை. குனிந்து அவன் வயிற்றில் முட்டினாள். இரண்டு பேரும் விஸ்கியில் விழுந்தார்கள். அவன் கை அவள் கழுத்தைப் பிடித்தது. அவள் கையில் அகப்பட்ட பலகையால் அவன் முழங்கையில் போட்டாள், பிடி விட்டது. அவனைக் குப்புறப் புரட்டி, முதுகில் ஏறி உட்கார்ந்து, அவன் தலைமுடியைப் பிடித்து முகத்தைத் தரைச் சாராயத்தில் அழுத்தினாள்.

"குடிச்சுப் பாரு. இரும்பு இருக்கா, சொல்லு."

அவன் இருமினான், புரையேறியது. மறுபடி அழுத்தினாள்.

"இருக்காடா?"

"இல்ல," என்றான். "இல்லடி. இல்ல."

வேலையாட்கள் நான்கு பேர் சேர்ந்து அவளைப் பிரித்தார்கள். ஒருவனுக்குக் கட்டைவிரல் சுளுக்கியது. சம்மட்டி எழுந்திருக்கவில்லை. குப்புறக் கிடந்து அழுதுகொண்டிருந்தான். அழுகிறானா மூச்சு வாங்குகிறானா என்று வேலையாட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்; அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

அன்று மாலையே அவளுடைய நாற்காலியை எடுத்துவிட்டார்கள். பூக்கடைக்காரம்மா வாசல்வரை வந்து, "சும்மா இருந்திருக்கலாமேம்மா," என்றாள். "இருந்திருக்கலாம்க்கா," என்றாள் இவள். மறுவாரம் வேறு ஒருவரை வைத்து மீதி எட்டுப் பீப்பாய்க்கும் மார்க்குப் போட்டார்கள். சராசரி எண்பத்தொன்பது. சம்மட்டியின் பெயரோடு பாட்டில் வெளியே வந்தது.

அவள் இப்போது எரிவாயுக் குழாய்களில் கசிவு கண்டுபிடிக்கும் வேலையில் இருக்கிறாள். மற்றவர்கள் கருவியோடு போவார்கள், இவள் கையை வீசிக்கொண்டு போவாள். ஒரு தெருமுனையில் நின்று மோந்து, அடுத்த தெருவில் நான்காவது மாடியில் அடுப்புக் குழாய் தளர்ந்திருக்கிறது என்று சொன்னாளாம். ஐந்தாவது மாடி என்றும் சிலர் சொல்கிறார்கள்.

வாய் முழுதாக ஆறிய பிறகு ஒரு விடுமுறை மத்தியானம் கடைக்குப் போய் அண்ணனின் பாட்டில் ஒன்றை விலைக்கு வாங்கிவந்தாள். காலையிலிருந்து உப்புச் சேர்க்கவில்லை. மேஜையைத் துடைத்து, ஜன்னலைச் சாத்தி, வெள்ளைக் கிளாஸில் ஊற்றினாள். இந்த முறை நிறத்தையும் பார்த்தாள். பழைய பித்தளை. மோந்தாள். பாகு, ரொட்டித்தோல், பாதாம், அதற்குப் பின்னால் அன்று ரத்தம் மறைத்துவிட்ட ஒன்று: மழை பெய்த மரத்தூளின் மணம். மென்றாள். மெத்தென்று இறங்கி, நடு நாக்கில் நின்று, கடைசியில் கொஞ்சம் சீக்கிரமாகவே விடைபெற்றது. அதற்கு ஒரு மார்க்கு குறைக்கலாமா அரை போதுமா என்று வெகுநேரம் யோசித்தாள். கடைசி மிடறைத் துப்பவில்லை. சீட்டில் எழுதினாள், மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்தச் சேதி சம்மட்டிக்கு எப்படியோ போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"குடிச்சியாமே."

"ஆமா."

"எவ்வளவு போட்ட?"

"போட்டேன்."

"எண்பத்தொன்பதுன்னாங்க அவங்க. அவங்களுக்கு என்ன தெரியும். நீ சொல்லு."

அவள் முட்டையின் ஓட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அவனுடைய கழுத்து நரம்பு புடைப்பது தெரிந்தது. தொடைக்கு அடியில் கைகள் நெளிந்தன, வெளியே வரவில்லை.

"தொண்ணூறுக்கு மேலயா கீழயா. அத மட்டுமாவது சொல்லேன்."

"அடுத்த வாரம் வருவ இல்ல?"

"வருவேன்."

"வா," என்று முட்டையைப் பாதியாக அரிந்து அவன் பக்கம் தள்ளினாள். "உப்பு வேணும்னா அந்த டப்பால இருக்கு, எடுத்துக்க."